கார் சார்ஜரும் கடற்காற்றும்

மின்காரை வீட்டில் சார்ஜ் செய்வது, ஒரு கீசரை இரவு முழுக்க அணைக்காமல் ஓடவிடுவதற்குச் சமம். காரோடு வரும் 3.3 கிலோவாட் சார்ஜர் 230 வோல்ட்டில் 14 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. கீசரும் ஏறத்தாழ இதே அளவுதான் இழுக்கும். ஆனால் கால் மணியில் தெர்மோஸ்டாட் அதை நிறுத்திவிடும், ஒயர் ஆறிக்கொள்ளும். 30 யூனிட் பேட்டரி நிறைய ஒன்பது மணி நேரமாவது ஆகும். வீட்டில் வேறெந்தச் சாதனமும் பிளக் பாயிண்ட்டிலிருந்து இவ்வளவு மின்சாரத்தை இத்தனை நேரம் விடாமல் எடுப்பதில்லை.

சென்னை பெசன்ட் நகரில் இதோடு கடலும் சேர்ந்துகொள்கிறது. எலியட்ஸ் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் ஜன்னல் கம்பியையும் கேட்டின் கீலையும் தின்னும் அதே உப்புக்காற்றுதான் தூண்களுக்கு இடையே திறந்து கிடக்கும் கார் நிறுத்துமிடத்திலும் வீசுகிறது. அங்குள்ள பிளக் பாயிண்ட்டின் மூடியைக் கழற்றினால் பித்தளையில் பச்சைக் களிம்பும், திருகாணியில் துருவும் தெரியும். பிளக்கின் கால் பித்தளையைத் தொடும் இடத்தில் மின்தடை பத்தில் ஒரு ஓம் கூடினால் போதும், 14 ஆம்பியர் ஓடும்போது அந்தப் புள்ளியில் ஏறக்குறைய 20 வாட் வெப்பம் உண்டாகும். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். சூட்டில் ஸ்பிரிங் தளர்கிறது, பிடி தளர்ந்தால் தடை இன்னும் ஏறுகிறது. எம்.சி.பி. இதைக் கண்டுகொள்ளாது, மின்னோட்டம் அளவைத் தாண்டவே இல்லையே! பிளாஸ்டிக் கருகும் வாடைதான் முதல் எச்சரிக்கை. ஆகவே சாதாரண பாயிண்ட்டைவிட மூடி போட்ட நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் நல்லது. அதற்குத் தனி எம்.சி.பி., மெயின் போர்டிலிருந்து நேராக வரும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் வேண்டும். 32 ஆம்பியர் இழுக்கும் 7.4 கிலோவாட் சுவர் சார்ஜருக்கு 6 சதுர மில்லிமீட்டர். மின்வாரியத்தில் லோடையும் உயர்த்திக்கொள்ள வேண்டும்.

அடுத்தது எர்த். பெரும்பாலான கார் சார்ஜர்கள் எர்த் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கைக் காட்டி வேலை செய்ய மறுக்கும். எர்த் குழியில் நிற்கும் ஜி.ஐ. குழாயின் துத்தநாகப் பூச்சை உப்பு ஈரம் அரித்துவிடுகிறது. கோடையில் மேல்மணல் காய்ந்து தடை ஏறுகிறது. கரியும் உப்பும் போட்டு மூடிய குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றும் பழக்கம் அதனால் வந்ததுதான். அதையெல்லாம் செய்யாமல், பிளக் பாயிண்ட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து விளக்கைப் பச்சையாக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. இதைவிட மோசமான வேலை வேறில்லை. பின்னொரு நாள் மீட்டர் போர்டில் நியூட்ரல் அறுந்தால், வீட்டில் எரியும் ஏதோ ஒரு விளக்கின் வழியாக 230 வோல்ட்டும் காரின் உடம்புக்கு வந்துவிடும்.

எர்த் ஒழுங்காக இருந்தாலும் எம்.சி.பி. மட்டும் காப்பாற்றாது. கசிவு திரும்பும் பாதையின் மொத்தத் தடை 5 ஓம் என்றால் 230 வோல்ட்டில் 46 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி. கண நேரத்தில் விழ 80 முதல் 160 ஆம்பியர் தேவை. அது சூடேறி விழும்வரை காரைத் தொடுபவர் கதி என்ன? 30 மில்லி ஆம்பியர் கசிந்ததுமே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம் என்பது இதனால்தான். அதிலும் வகை பார்க்க வேண்டும். காருக்குள் ஏ.சி. மின்சாரம் டி.சி.யாக மாறுவதால் கசிவிலும் டி.சி. கலக்கும், விலை குறைந்த 'ஏ.சி.' வகை அதை உணராது. 'ஏ' வகையின் முகப்பில் அலைக்கோட்டின் கீழே அரை அலைகளும் வரைந்திருக்கும். சீரான டி.சி. கசிவு 6 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் 'ஏ' வகையும் தடுமாறும் என்பதால், அதைத் தனியே கண்டறியும் வசதி நல்ல சுவர் சார்ஜர்களுக்குள்ளேயே இருக்கிறது.

2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டில் பல இடங்களில் ஸ்கூட்டர்கள் எரிந்த பிறகு பேட்டரிக்கான தரவிதிகள் இறுகின. சுவரில் உள்ள பாயிண்ட் இன்னமும் வீட்டுக்காரர் பொறுப்பில்தான் இருக்கிறது.

மத்திய மின்சார ஆணையம் 2019-ல் சார்ஜிங் நிலையங்களுக்காகச் சேர்த்த விதிகள் வீட்டுக்கும் நல்ல அளவுகோல்: ஒவ்வொரு சார்ஜிங் புள்ளிக்கும் தனி சர்க்யூட், குறைந்தது 'ஏ' வகை கசிவுக் காப்பு, தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் சாக்கெட், எக்ஸ்டென்ஷன் பயன்படுத்தத் தடை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் எத்தனையோ கார் நிறுத்துமிடங்களில் வெள்ளம் நின்றதை நினைத்தால் 800 மில்லிமீட்டரின் அருமை புரியும். இடம் இருந்தால் இன்னும் மேலே வைக்கலாம். மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொங்கவிடுவதற்குப் பதில், தரைத்தளத்தில் உள்ள தம் வீட்டு மீட்டரிலிருந்தே உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு லைன் இழுத்துக்கொள்ளலாம். ஒயரும் மிச்சம்.

ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று எழுதிய சிறு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பாருங்கள். உப்புக்காற்றில் உள்ளே இறுகிப்போயிருந்தால் அது விழாது. விழவில்லை என்றால் மாற்றும்வரை காரை அதில் சொருகாதீர்கள்.