மூர்த்தி சிறிது, கடல் பெரிது

1976-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்கு ஒரு விசித்திரமான கப்பற்பந்தயம் நடந்தது. யந்திரம் கூடாது, பாய் விரித்துக் காற்றின் பலத்தாலேயே அட்லாண்டிக் மகாசமுத்திரத்தைக் கடக்க வேண்டும். அதுவும் ஒரு கப்பலுக்கு ஒரே ஆள். அந்தப் பந்தயத்துக்கு அலேன் கொலா என்ற பிரெஞ்சுக்காரர் 236 அடி நீளமும் நான்கு பாய்மரங்களும் உள்ள ஒரு பிரம்மாண்டமான கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தினார். தனி மனிதன் ஒருவன் செலுத்துவதற்கு அவ்வளவு பெரிய கப்பலா என்று ஜனங்கள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள்.

ஆனால் பாப் சால்மன் என்ற ஆங்கிலேயருக்கு வேறு கவலை பிறந்தது. ஆண்டுக்கு ஆண்டு கப்பல்கள் இப்படிப் பெருத்துக்கொண்டே போனால், பெரிய முதலாளிகளின் தயவு இல்லாதவன் இந்தப் பந்தயத்தை எட்டிப் பார்க்கவும் முடியாதல்லவா? அவர் செய்த யோசனை மிகவும் எளியது. படகின் நீளத்துக்கு ஓர் எல்லை கட்டிவிட்டார். 6.50 மீட்டர், அதாவது சுமார் 21 அடி 4 அங்குலம். அதற்கு மேல் ஓர் அங்குலமும் கூடாது. 1977-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பென்சான்ஸ் துறைமுகத்திலிருந்து டெனெரிஃப் தீவு வழியாக மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஆன்டிகுவா வரையில் முதற்பந்தயம் நடந்தது. தானியேல் ஜிலார் என்ற பிரெஞ்சு வாலிபர் ஜயித்தார். 'மினி டிரான்ஸாட்' என்று பெயர் பெற்ற அந்தப் பந்தயம் 1985 முதல் பிரான்ஸிலிருந்து புறப்படலாயிற்று. இன்றும் ஒன்றுவிட்டு ஓராண்டு நடந்து வருகிறது. தூரம் சுமார் 4,000 கடல் மைல்.

இருபத்தோரு அடி என்றால் சாதாரணமாக நம் வீட்டுக் கூடத்தின் நீளந்தான். அந்தக் கூடத்தையே கடலில் மிதக்கவிட்டு, அதற்குள் பாய்களையும் கயிறுகளையும் குடிதண்ணீரையும் உலர்ந்த உணவுப் பொட்டலங்களையும் அடைத்துவிட்டால், மனிதனுக்கு மிஞ்சுகிற இடம் எவ்வளவு என்று நேயர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. படுக்கை என்று தனியாக ஒன்றும் கிடையாது. மூட்டைகளின் மேல் சாய்ந்துகொள்ள வேண்டியதுதான். தூக்கமும் பதினைந்து இருபது நிமிஷங்களுக்கு மேல் நீளலாகாது. விழித்தெழுந்து நாற்புறமும் பார்த்து, எதிரே கப்பல் ஏதும் வரவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகே அடுத்த தூக்கம். அந்தச் சிறிது நேரம் சுக்கானைப் பிடித்துக்கொள்ள ஒரு மின்சார யந்திரம் உண்டு. அதற்கு வேண்டிய மின்சாரத்தைப் பெரும்பாலும் சூரியன்தான் கொடுக்க வேண்டும்.

இவற்றைவிடக் கடுமையானது தனிமை. கரையிலுள்ளவர்களோடு பேசி, "காற்று எந்தப் பக்கம் அடிக்கும்? எந்த வழியாகப் போகலாம்?" என்று யோசனை கேட்பதற்கு விதிகள் இடங்கொடுப்பதில்லை. வானொலியில் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லப்படும் வானிலை அறிக்கையைக் கேட்டுக்கொண்டு, மேகத்தையும் அலையையும் பார்த்துத் தானே தீர்மானிக்க வேண்டும். சுக்கான் முறிந்தால் தச்சனும் அவனே. கை வெட்டுப்பட்டால் வைத்தியனும் அவனே.

இவ்வளவு இடுக்கமான விதிகளுக்குள்ளிருந்து என்ன நன்மை விளைந்துவிடும் என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். படகு சிறியதானபடியால் புதிய யோசனை ஒன்றைச் செய்து பார்க்க அதிகப் பொருள் வேண்டியதில்லை. யோசனை தவறினாலும் நஷ்டம் தாங்கக்கூடியது. படகு கவிழாதபடி அதன் அடியில் பாரமான தகடு ஒன்று ஆழமாக இறங்கியிருக்கும். காற்று தள்ளும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக அந்தத் தகட்டையே சாய்த்தால் என்ன என்று மிஷேல் தெஷ்வாயோ என்ற பிரெஞ்சுக்காரர் எண்ணினார். 1991-ஆம் ஆண்டுப் பந்தயத்துக்கு அவ்விதம் ஒரு படகைக் கட்டினார். பிற்பாடு உலகத்தைச் சுற்றிவரும் பெரிய பந்தயக் கப்பல்களும் அந்த முறையைக் கைக்கொண்டன. 2011-ல் தாவீத் ரெஸோன் என்பவர், படகின் முன்பக்கம் கூராகத்தான் இருக்கவேண்டும் என்ற நெடுநாளைய வழக்கத்தையே தள்ளிவிட்டு, மழுங்கலான உருண்டை முகப்புடன் தம் படகைத் தாமே வகுத்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் படகுதான் முதலில் கரை சேர்ந்தது.

சிறிய படகு பெரிய மனிதர்களையும் பயிற்றுவித்தது. இங்கிலாந்தில் கடலுக்குத் தொலைவான டார்பிஷயர் பிரதேசத்தில் பிறந்த எல்லென் மக்கார்தர் என்ற பெண், பள்ளிக்கூடத்தில் மத்தியான உணவுக்குக் கொடுத்த காசை மிச்சம் பிடித்துத் தன் முதற்படகை வாங்கினாள். பந்தயத்துக்குப் பண உதவி கேட்டு 2,500 கடிதங்கள் எழுதினாள். வந்த பதில்கள் இரண்டே. மனந்தளராமல் 1997-ல் மினி டிரான்ஸாட்டில் கலந்துகொண்டு பதினேழாவதாக வந்தாள். அடுத்த நான்காண்டுகளுக்குள், எங்கும் நிற்காமல் தன்னந்தனியாக உலகைச் சுற்றும் 'வாந்தே குளோப்' பந்தயத்தை 94 நாட்களில் முடித்து இரண்டாவது ஸ்தானம் பெற்றாள். அப்பொழுது வயது இருபத்துநான்கு. முதல் ஸ்தானம் பெற்றவர் யார் தெரியுமா? தகட்டைச் சாய்த்துப் பார்த்தாரே, அந்தத் தெஷ்வாயோதான்!

ஆனால் வெற்றியை மாத்திரம் சொல்லி நிறுத்துவது நியாயமாகாது. முதற்பந்தயத்திலேயே பாட்ரிக் வான் காட் என்பவர் படகோடு மறைந்து போனார். 1991-ல் மரி-ஆன்யேஸ் பெரோன் என்ற பெண்மணி கடலுக்குப் பலியானார். பெற்ற வயிறு இதைப் பொறுக்குமா? வாலிபர்களை இத்தகைய ஆபத்தில் இறங்கவிடலாமா என்று தாய்தந்தையர் கேட்டால், அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பல ஆண்டுகளாக வாலிபர்களுக்குப் பாடம் சொல்லி வருகிறவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இதுதான். துணிச்சல் என்பது தடுத்துவிட்டால் அடங்கிவிடும் பொருளன்று. சரியான பழக்கம் கொடுத்தால் பக்குவப்படும் பொருள். இந்தப் பந்தயத்தை நடத்துகிறவர்கள் அதை உணர்ந்திருக்கிறார்கள். தண்ணீர் புகுந்தாலும் மூழ்காதபடி படகில் நுரைப்பொருள் நிரப்பியிருக்க வேண்டும். சமுத்திரத்தைக் கடக்க விரும்புகிறவன் முன்னதாக வேறு சிறு பந்தயங்களில் கலந்து பழகியிருக்க வேண்டும். எங்கும் நிற்காமல் தனியாக 1,000 மைல் ஓட்டியும் காட்ட வேண்டும். 'ஆசை இருக்கிறது' என்று சொல்வது மட்டும் போதாது.

அந்தச் சிறு பந்தயங்களில் ஒன்று பிரான்ஸில் பிரித்தானி கடற்கரையில் நடப்பது. அதற்கு மரி-ஆன்யேஸ் பெரோனின் பெயரையே வைத்திருக்கிறார்கள். மகாசமுத்திரத்துக்குப் புறப்படும் வாலிபர்களிலும் யுவதிகளிலும் பலர், திரும்பி வராத அந்தப் பெண்மணியின் பெயர் தாங்கிய பந்தயத்தில் பழகிவிட்டுத்தான் புறப்படுகிறார்கள்.