மடங்கிய விரலும் தாங்கும் தப்பையும்

தேவிகுளம், பீர்மேடு மலைகளில் தேயிலைக் கொழுந்து கிள்ளும் நம்மவர்க்கும், பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்தில் வயல்வேலை செய்யும் நம்மவர்க்கும் கையே மூலதனம். அந்தக் கை மடங்கிப்போனால் வீட்டில் அடுப்பு எரிவது எங்ஙனம்?

தொழுநோய் கையை முடக்குவது நரம்பின் வழியாகவே. முழங்கையின் உட்புறத்தில் எலும்பை ஒட்டிச் செல்லும் நரம்பு பழுதுற்றால், சிறுவிரலும் மோதிரவிரலும் கொக்கிபோல் வளைகின்றன, தொட்டுணர்வும் மங்குகிறது. கொதிக்கும் தேநீர்க் குவளை சுட்டாலும் கைக்குத் தெரிவதில்லை. நோயினால் விரல்கள் அழுகி விழுகின்றன என்றே முன்னாளில் பலரும் கருதினர். உணர்வற்ற கையில் நேரும் காயங்களும் சூட்டுப் புண்களுமே விரல்களைக் குறைக்கின்றன என்று எடுத்துக்காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் பிறந்த அவர், 1946-ல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். பழுதற்ற தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தி, விரல்களை நிமிர்த்தும் அறுவை முறையை அங்கே வளர்த்தார்.

ஆயினும் கத்தி ஒன்றே கையை மீட்டுவிடாது. வளைந்த விரலை நெடுநாள் அப்படியே விட்டால் மூட்டும் தோலும் இறுகிவிடும்; பின்னர் அறுவையும் முழுப்பயன் தராது. இதைத் தடுப்பதே ஸ்பிளிண்ட் என்னும் தப்பை. எலும்பு முறிந்தால் நாட்டு வைத்தியர் மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவாரல்லவா? அது முறிவை அசையாது நிறுத்துகிறது. இதுவோ இரவில் விரலை நிமிர்த்தி வைத்து, பகலில் பயிற்சிக்கு வழிவிடுகிறது. ஏற்கெனவே இறுகிய விரலுக்குச் சிறு மாவுக்கட்டு இட்டு, சில நாட்களுக்கொருமுறை அதை மாற்றி, சிறுகச் சிறுக நிமிர்த்துவர். அறுவைக்குப் பின்னரும் ஏறத்தாழ மூன்று வாரம் கை கட்டிலேயே இருக்கும். அதன்பின் விரல்களுக்குப் புதுவேலை பழக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. உணர்வற்ற கைக்குத் தப்பை உறுத்துவதும் தெரியாது. ஆகவே, கழற்றியவுடன் தோலைக் கண்ணால் பார்த்தல் வேண்டும். சிவப்பு மறையாவிடில், தப்பையைத் திருத்தித் தருமாறு சிகிச்சையாளரிடம் கேட்க வேண்டும். நாள்தோறும் கையை நீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, மறு கையால் விரல்களை மெல்ல நீவி நிமிர்த்துவதும் இன்றியமையாதது.

உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது 1980-களின் தொடக்கத்தில். இன்று அம்மருந்து அரசு நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. நரம்பின் தளர்ச்சி ஆறு மாதத்துக்கு உட்பட்டதாயின், மருந்தினாலேயே மீளவும் வாய்ப்புண்டு. அயல் மாநிலத்தில், ஊரார் அறிந்துவிடுவரே என்று நாம் மறைக்கும் ஒவ்வொரு மாதமும் விரல் இறுகும் மாதமாகும். மரத்த தேமலையும் தளர்ந்த விரலையும் கண்டவுடன் காட்டுவோம். நம் கையை நாமே காப்போம்.