மகாராஜா மாளிகையில் ஒரு ராத்திரி!

ராஜா கட்டிய மாளிகை. மூன்று பக்கமும் தண்ணீர். தண்ணீருக்கு அப்பால் அடர்ந்த காடு. அந்த மாளிகையில் நீங்களும் ஒரு நாள் தங்கலாம். ராஜாவின் உறவினராக இருக்க வேண்டியதில்லை. பணம் கட்டினால் போதும்.

"அந்தப் பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். நாங்களும் அப்படித்தான் கேட்டோம். கையைக் கடிக்காமல் நாலு நாள் ஊர் சுற்றி வரலாம் என்று புறப்பட்ட குடும்பம் எங்களுடையது. மூன்று நாள் காசை எண்ணி எண்ணிச் செலவழித்தோம். நாலாவது நாள் மட்டும் எண்ணவில்லை.

தாயாரின் ஆசை

நாங்கள் மூன்று பேர். என் தாயார், என் மனைவி, நான். தாயார் பிறந்தது கம்பத்தை அடுத்த கூடலூர். கல்யாணம் ஆகிற வரையில் அங்கே வயலில் நாற்று நட்டவர். ஜூன் மாதம் 1-ந் தேதி தண்ணீர் திறந்தார்கள் என்றால் ஊரே குதூகலமாகி விடும் என்று சொல்வார். அது முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். லோயர்கேம்பில் இருந்து பழனிசெட்டிபட்டி வரையில் 14 ஆயிரத்து 707 ஏக்கர் இருபோக நிலம் அந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது. அணையில் எத்தனை அடி தண்ணீர் என்பது கம்பம் பள்ளத்தாக்கில் சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும்.

அந்தத் தண்ணீரில் கால் வைத்து வளர்ந்த என் தாயார், அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்ததே இல்லை. மலைக்கு மேலே ஏரி இருக்கிறது என்று கேள்விப்பட்டதோடு சரி. கூலி வேலைக்குப் போகிறவர் ஏரி பார்க்க எப்போது போவது?

"கண்ணு தெரியும்போதே ஒரு தடவை பார்த்துடணும்ப்பா" என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக் கொண்டிருந்தார். அவருக்கு வயது 71. ஒரு கண்ணில் புரை எடுத்தாகி விட்டது. அடுத்த கண்ணுக்கு டாக்டர் நாள் குறித்திருக்கிறார்.

மூன்று நாள் சிக்கனம்

மதுரையில் இருந்து தேனிக்கு ரெயிலில் போனோம். 2022-ம் ஆண்டு மே மாதம் அகலப்பாதையில் ரெயில் விட்ட பிறகு அந்தப் பயணம் சுலபமாகி விட்டது. தேனியில் இருந்து கம்பத்துக்கு டவுன் பஸ்சும் உண்டு, தூரத்து பஸ்சும் உண்டு. கம்பத்தில் சித்தி வீடு. ஆகவே அறை வாடகை இல்லை.

ஒரு நாள் சுருளி அருவி. குளித்து விட்டு, சித்தி கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். மறுநாள் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. வருஷம் பூராவும் இங்கே காய்க்கிறது. தோட்டத்து வாசலிலேயே வாங்கித் தின்றோம். மொத்தத்தில் பஸ் கட்டணமும், திராட்சையும், சித்தி பிள்ளைகளுக்கு வாங்கிய மிட்டாயும்தான் செலவு.

மூன்றாம் நாள் ராத்திரிதான் விஷயத்தைச் சொன்னேன். தேக்கடியில், ஏரிக்கு நடுவே, மகாராஜா மாளிகையில் ஒரு அறை பதிவு செய்திருக்கிறேன் என்றேன். எவ்வளவு என்று தாயார் கேட்டார். சொன்னேன். வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தி விட்டார்.

"ஏப்பா, இந்தக் காசுக்கு ரெண்டு வெள்ளாடு வாங்கிரலாமே!"

"ஆடு வாங்கினா நான்ல மேய்க்கணும் அத்தை? பேசாம வாங்க" என்றாள் என் மனைவி.

தாயார் கேட்டதில் நியாயம் இருக்கிறது. படகில் போய் ஏரியைப் பார்த்து விட்டு, சாயங்கால பஸ்சில் இறங்கி விடலாம். ஆயிரக்கணக்கானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் பகல் படகில் கூட்டமும் கூச்சலுமாக இருக்கும். ஒன்றரை மணி நேரத்தில் இறங்கு என்று சொல்லி விடுவார்கள். 71 வருஷம் காத்திருந்தவருக்கு ஒன்றரை மணி நேரம் போதுமா?

இன்னொன்று. நாலு நாளும் நடுத்தரமான ஓட்டலில் தங்கி, நாலு நாளும் நடுத்தரமாகச் சாப்பிட்டு, திரும்பி வந்த பிறகு எதுவும் நினைவில் நிற்காத பயணங்களை நான் நிறையச் செய்திருக்கிறேன். அதைவிட மூன்று நாள் வயிற்றைக் கட்டி ஒரு நாள் வாழ்ந்து பார்ப்பது மேல் என்று தோன்றியது. குமுளியில் நீச்சல் குளம் வைத்த சொகுசு விடுதிகள் ஏராளம். நீச்சல் குளம் பார்க்க மலை ஏற வேண்டுமா, என்ன!

மலைப்பாதை

கம்பத்தில் பஸ் ஏறினால் கூடலூர், லோயர்கேம்ப், அப்புறம் மலைப்பாதை. கூடலூர் வந்ததும் தாயார் ஜன்னல் ஓரத்துக்கு மாறிக் கொண்டார். எந்த வயலில் நட்டோம், எந்த வாய்க்காலில் கால் கழுவினோம் என்று காட்டிக் கொண்டே வந்தார்.

லோயர்கேம்பில் அணை கட்டிய என்ஜினீயர் பென்னிகுயிக்குக்கு மணிமண்டபம் இருக்கிறது. 2013-ம் ஆண்டு திறந்தது. அவர் பிறந்த ஜனவரி 15-ந் தேதி இங்கே பொங்கல் வைக்கிறார்கள். பென்னிகுயிக் என்று பெயர் சூட்டப்பட்ட தமிழர்கள் இந்தப் பக்கத்தில் உண்டு!

அதைத் தாண்டியதும் மலைச்சரிவில் ராட்சதக் குழாய்கள் தெரியும். ஏரித் தண்ணீர் அவற்றின் வழியாக இறங்கி, மின்சாரம் தயாரித்து விட்டு, வயலுக்குப் போகிறது.

மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கிற ஆறு பெரியாறு. அதை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பி விட்டார்கள். 1886-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி திருவிதாங்கூர் மகாராஜாவோடு குத்தகை ஒப்பந்தம். குத்தகைக் காலம் 999 ஆண்டுகள். 1895-ம் ஆண்டு அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. 2014-ம் ஆண்டு 142 அடி வரையில் தேக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. அணையைப் பற்றிய வழக்கும் வாதமும் தனிப் பெரிய கதை. இங்கே வேண்டாம்.

ஆறே அறைகள்

குமுளியில் இறங்கி எல்லையைக் கடந்தால் கேரளம். அங்கிருந்து தேக்கடிப் படகுத்துறை நாலு கிலோ மீட்டர். நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். பிளாஸ்டிக் பை கொண்டு போகக் கூடாது. படகில் ஏறியதும் உயிர் காக்கும் உடுப்பு மாட்டச் சொன்னார்கள். தாயார் சேலைக்கு மேலே அதை மாட்டுவதற்குக் கூச்சப்பட்டார். 2009-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்து போனார்கள். அதை நினைத்து நானே மாட்டி விட்டேன்.

சுமார் இருபது நிமிஷம். எடப்பாளையம் என்ற இடத்தில், ஏரிக்குள் நீட்டிக் கொண்டிருக்கிற மேட்டின் மேல் மாளிகை தெரிந்தது. திருவிதாங்கூரின் கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் கோடைக்கால மாளிகை அது. 1936-ம் ஆண்டு ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்து, எல்லா ஜாதியினருக்கும் கோவில் கதவைத் திறந்து விட்டாரே, அவர்தான். அவருடைய ஆட்சியிலேயே, 1934-ம் ஆண்டு, இந்தக் காடு வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. 1978-ம் ஆண்டு முதல் புலிகள் காப்பகம். மாளிகையைக் கேரள அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ஓட்டலாக நடத்துகிறது.

மாளிகை என்றதும் தங்கமும் பளிங்கும் என்று நினைத்து விடாதீர்கள். தாழ்வாரம் வைத்த அழகான வீடு, அவ்வளவுதான். மொத்தம் ஆறே அறைகள். ஆகவே பண்டிகை நாளில் இடம் கிடைப்பது கஷ்டம். முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும். அப்போதே சாப்பாடும் படகும் வாடகையில் சேர்த்தியா என்று கேட்டுக் கொள்வது நல்லது. இருட்டிய பிறகு உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. எங்கே போவது, காடுதானே!

"இதுதானா அது?"

தாயார் அறைக்குள் போகவே இல்லை. தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே இருந்தார்.

"இதுதானா அது?" என்றார்.

"இதுதான்."

ஏரிக்குள் அங்கங்கே பட்டுப்போன மரங்கள் நிற்கின்றன. அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மிச்சம். நூறு வருஷத்துக்கும் மேலாகத் தண்ணீரிலேயே நிற்கின்றன. நீர்க்காகங்கள் அவற்றின் மேல் உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காய வைத்துக் கொண்டிருந்தன.

"அந்த மரமெல்லாம் ஏம்ப்பா அப்படி நிக்குது?"

சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நம்ம நாத்து முளைக்கிறதுக்கு இதுக முங்கிப் போச்சாக்கும்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

யானை வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. அக்கரையில் இரண்டு மிளா வந்து தண்ணீர் குடித்தன. பணம் கட்டினால் அறை கிடைக்கும்; யானை கிடைக்காது. இருட்டியதும் காட்டுச் சத்தம் தொடங்கியது. என் மனைவி என் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொண்டாள்.

மெத்தை பழக்கமில்லாத தாயார் தரையில் துண்டை விரித்து விடுவார் என்று நினைத்தேன். கிடையாது! படுத்ததும் குறட்டை விட்டுத் தூங்கினார். பணத்தை நினைத்துத் தூக்கம் வராமல் புரண்டது நான்தான்.

காலையில் படகுத்துறைப் படியில் என் கையைப் பிடித்துக் கொண்டு இறங்கினார். குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி, புரை எடுத்த கண்ணில் ஒன்றும் எடுக்காத கண்ணில் ஒன்றுமாக ஒற்றிக் கொண்டார். ஆபரேஷன் செய்த கண்ணில் ஏரித் தண்ணீர் படக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி என் காலை மிதித்தாள்.

குமுளியில் சாப்பிட்டு விட்டு மாலை பஸ்சைப் பிடித்தோம். ஏலத்தோட்டத்தில் வேலை முடித்து இறங்குகிற பெண்கள் பஸ்சில் நிறைந்திருந்தார்கள். கூடலூர்ப் பெண் ஒருத்தி, தூக்குவாளியை மடியில் வைத்துக் கொண்டு, தாயாருக்கு அருகே உட்கார்ந்தாள்.

"நீ மேல ஏரியைப் பார்த்திருக்கியாம்மா?"

"தினமும் அந்தப் பக்கந்தான் வேலைக்குப் போறேன். பார்த்ததில்லையே ஆத்தா."

தாயார் தொடங்கி விட்டார். மாளிகை, மரம், மிளா, மெத்தை, குளியலறையில் வைத்திருந்த சின்னச் சோப்பு ஒன்று விடாமல் சொன்னார். சோப்பைப் பையில் இருந்து எடுத்தும் காட்டினார். லோயர்கேம்ப் வந்தபோது அந்தப் பெண், "எம்புட்டு ஆச்சு ஆத்தா?" என்று கேட்டாள்.

தாயார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, நான் கட்டியதில் கால் பங்குதான் இருக்கும், ஒரு தொகையைச் சொன்னார்.

"அடியாத்தீ, அம்புட்டா!" என்றாள் அந்தப் பெண்.