லெபனான் எல்லையிலிருந்து விலகும் ஐ.நா. படை: கொச்சிக்கு என்ன தொடர்பு?

கொச்சி: மட்டாஞ்சேரி ஜூ டவுன் வீதியில் இன்று நறுமணப் பொருள் கடைகளும் பழம்பொருள் கடைகளுமே மிகுதி. 1568-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்தைக் காண வெளியூர்ப் பயணிகள் வருகின்றனர். கொச்சிப் பகுதி யூதர்களில் பெரும்பாலோர் 1950-களிலேயே இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர்.

அவ்வாறு சென்றவர்கள் குடியேறிய வேளாண் கூட்டுறவு ஊர்களுள் ஒன்று யுவால். இது லெபனான் எல்லையை ஒட்டி அமைந்துள்ளது. எல்லையின் மறுபுறத்தில், தெற்கு லெபனானின் கிழக்குப் பகுதியில், ஐ.நா. கொடியின்கீழ் இந்திய ராணுவத்தின் பட்டாலியன் ஒன்று 1998 முதல் பணியாற்றி வருகிறது. அந்த ஐ.நா. படையின் பணிக்காலத்தை 2026 டிசம்பர் 31 வரை இறுதி முறையாக நீட்டித்து, அதன்பின் ஓராண்டுக்குள் அது வெளியேற வேண்டும் என ஐ.நா. பாதுகாப்பு அவை 2025 ஆகஸ்ட் 28 அன்று ஒருமனதாகத் தீர்மானித்தது.

1978 மார்ச் மாதம் இஸ்ரேல் தெற்கு லெபனானுக்குள் படையெடுத்ததைத் தொடர்ந்து, 425, 426 ஆகிய தீர்மானங்களின்படி இப்படை அமைக்கப்பட்டது. இஸ்ரேலியப் படைகள் விலகியதை உறுதிப்படுத்துவதும், லெபனான் அரசின் அதிகாரம் அப்பகுதியில் மீண்டும் நிலைபெற உதவுவதும் அதன் நோக்கங்கள். பெயர் 'இடைக்காலப் படை'. அந்த இடைக்காலம் அரை நூற்றாண்டை நெருங்கிவிட்டது.

தமிழ் வாசகர்களுக்கு 'அமைதிப்படை' என்றவுடன் 1987-இல் இலங்கைக்குச் சென்ற இந்தியப் படையே நினைவுக்கு வரும். அது ஐ.நா.வின் படையன்று, இரு நாடுகளின் உடன்பாட்டின்படி அனுப்பப்பட்டு, பின்னர் போரில் நேரடியாக இறங்கிய படை. 1990-இல் திரும்புவதற்குள் அது இழந்த வீரர்கள் 1,100-க்கும் மேற்பட்டோர். லெபனானில் உள்ள படையோ எவரையும் வென்றடக்க அனுப்பப்பட்டதன்று. ரோந்து செல்வது, மீறல்களைப் பதிவு செய்து பாதுகாப்பு அவைக்குத் தெரிவிப்பது, லெபனான் ராணுவத்துக்குத் துணை நிற்பது ஆகியவையே அதன் அன்றாடப் பணி. இந்திய வீரர்கள் சிற்றூர்களில் கால்நடை மருத்துவ உதவியும் அளித்து வருகின்றனர்.

2006-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் நிறைவேறிய 1701-ஆவது தீர்மானம், எல்லைக்கோட்டுக்கும் லிட்டானி ஆற்றுக்கும் இடையே லெபனான் ராணுவத்தையும் ஐ.நா. படையையும் தவிர வேறெவரிடமும் ஆயுதம் இருக்கலாகாது என்றது. ஆயினும் ஹிஸ்புல்லா அங்கு ஆயுதங்களைக் குவித்தது. இஸ்ரேலிய விமானங்களும் லெபனான் வான்வெளியில் தொடர்ந்து பறந்தன. பெய்ரூட்டிலோ உறுதியான அரசு இல்லை. 2019-இல் பொருளாதாரம் சரிந்தது. 2022 அக்டோபர் முதல் 2025 ஜனவரி வரை நாட்டுக்குக் குடியரசுத் தலைவரே இல்லை. தன் அரசே இயங்காத நாட்டில், அரசின் அதிகாரத்தை நிலைநாட்டும் பொறுப்பை வெளியாரின் படையிடம் ஒப்படைத்ததுதான் இதன் அடிப்படைக் குறை எனத் தோன்றுகிறது.

அதன் விலையை எல்லையின் இருபுறத்து மக்களும் செலுத்தினர். 2024 ஜனவரியில் யுவாலில் ஏவுகணை தாக்கி ஒரு தாயும் மகனும் உயிரிழந்தனர். அதே ஆண்டு மார்ச் 4 அன்று அருகிலுள்ள மர்கலியோத்தில் கேரளத்தின் கொல்லத்தைச் சேர்ந்த பண்ணைத் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டார். அதன்பின் மூண்ட முழுப் போரில் தெற்கு லெபனானின் பல ஊர்கள் தரைமட்டமாயின. 2024 அக்டோபரில் நகோராவிலுள்ள ஐ.நா. தலைமையகமும் தாக்குதலுக்கு உள்ளானது. இந்தியா கவலை தெரிவித்தது. 1978 முதல் இப்படையில் உயிர்நீத்தோர் 300-க்கும் அதிகம்.

படையால் பயனே இல்லை என்ற இஸ்ரேல், அமெரிக்கா ஆகியவற்றின் வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் எளிதில் ஈடுசெய்ய இயலாத ஒரு பணியும் இருந்தது. தூதரக உறவே இல்லாத லெபனான், இஸ்ரேல் ஆகிய நாடுகளின் ராணுவ அதிகாரிகள் 2006-க்குப் பின் நகோராவில் ஐ.நா. படைத் தளபதியின் முன்னிலையில் ஒரே அறையில் அமர்ந்து பேசி வந்தனர். தவறுதலாகப் பாய்ந்த ஒரு குண்டு போராக மூளாமல் பலமுறை தடுத்தது அந்த அறைதான்.

2024 நவம்பர் 27 முதல் நடைமுறைக்கு வந்த போர்நிறுத்தத்தை அமெரிக்கா தலைமையிலான குழு கண்காணித்து வந்தது. ஆயுதங்கள் அரசிடம் மட்டுமே இருக்க வேண்டும் எனவும், அதற்கான திட்டத்தை ராணுவம் வகுக்க வேண்டும் எனவும் லெபனான் அமைச்சரவை 2025 ஆகஸ்டில் முடிவெடுத்தது. ஐ.நா. படை விலகியபின் 1701-ஆவது தீர்மானத்தை எவ்வாறு செயல்படுத்துவது என்பது குறித்து 2026 ஜூன் 1-க்குள் வழிமுறைகளை முன்வைக்குமாறு பொதுச் செயலாளரைப் பாதுகாப்பு அவை கேட்டுக்கொண்டுள்ளது.