கறவை மாடும் கத்திரி வெயிலும்

கத்திரி வெயில் தொடங்கியதும் பால் குறைவது நம் உத்திரமேரூர் வட்டாரத்து அங்கத்தினர் யாவரும் அறிந்ததே. அண்மையில் ஒரு சிற்றூர்ச் சங்கத்திற்குத் தணிக்கைக்காகச் சென்றிருந்தேன். தறியும் நெய்து கறவையும் வளர்க்கும் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “ஐயா, என்னிடம் இருப்பவை இரண்டும் ஜெர்சி கலப்புப் பசுக்கள்தாம். ஒரே கொட்டகை, ஒரே தீவனம். வெயில் வந்தால் ஒன்று மூச்சு வாங்குகிறது, பாலும் பாதியாகிவிடுகிறது. மற்றது நிம்மதியாக அசைபோடுகிறது. இரண்டையும் கடனில்தான் வாங்கினேன். தவணை மட்டும் இரண்டுக்கும் குறைவதில்லையே?”

அன்று தக்க விடை கூற என்னால் இயலவில்லை. பின்னர் படித்தும், கால்நடை மருத்துவர்களைக் கேட்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகின்றேன்.

பசுவின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.5 டிகிரி சென்டிகிரேடு. தின்ற தீவனம் செரிக்கும்போதும், மடியில் பால் சுரக்கும்போதும் உடலுக்குள் வெப்பம் உண்டாகிறது. ஆதலின் மிகுதியாகக் கறக்கும் பசுவுக்கு வெப்பமும் மிகுதி. அது வியர்வையாலும் மூச்சாலும் வெளியேறவேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. அப்போது பசு தீவனத்தைக் குறைத்துக்கொள்கிறது, பால் குறைகிறது, சினை பிடிப்பதும் தவறுகிறது.

ஜெர்சி மாடு இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட கடலிலுள்ள சிறு தீவில் தோன்றியது. குளிர்நாட்டு மாடு நம் வெயிலில் வருந்துவது இயற்கை. நம் காங்கயமும் உம்பளாச்சேரியும் வெயிலை எளிதில் தாங்குவன; ஆயின் கறவை குறைவு. இரண்டின் நன்மையையும் பெறவே கலப்பினம் வந்தது. அக்கலப்பிலும் ஒரு பசுவைப் போல மற்றொன்று இராமைக்குக் காரணம் என்ன?

நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் உள்ள, முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளை அங்கத்தினர் அறிவர். தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். கன்று உருவாவதும் ஏறக்குறைய இவ்வாறே. ஒவ்வொரு மரபணுவிலும் பசுவிடம் இரண்டு ஓலைகள், காளையிடம் இரண்டு ஓலைகள் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஓர் ஓலையே கன்றுக்குச் சேர்கிறது. எது சேரும் என்பது குடத்திற் கைவிட்டு எடுப்பது போன்றது. ஆதலின் ஒரே காளைக்குப் பிறந்த இரு கிடேரிகளும் வெயிலில் வேறுபடுகின்றன.

அவ்வோலையை முன்கூட்டியே படிக்க உதவும் அடையாளமே மரபுக்குறி. மாட்டின் மரபுத்தொகுதி ஏறத்தாழ 270 கோடி எழுத்துகள் கொண்டது. அது 2009இல் படித்து வெளியிடப்பட்டது. மாட்டுக்கு மாடு எழுத்து வேறுபடும் இடங்கள் பல. அவற்றுள் வெயில் தாங்கும் இயல்போடு சேர்ந்தே காணப்படுவதைக் கண்டறிந்தால் அது குறியாகிறது. பிறந்த கன்றின் சில மயிர்வேர்களே இச்சோதனைக்குப் போதும்.

இரண்டு எடுத்துக்காட்டுகள் கூறலாம். கரீபியத் தீவுகளின் செனிபோல் மாடுகளுக்கு மயிர் மிகக் குட்டையாகவும் வழவழப்பாகவும் இருக்கும். புரோலாக்டின் ஏற்பி என்னும் மரபணுவில் உள்ள ஒரு மாற்றமே இதற்குக் காரணமென்று 2014இல் வெளியிடப்பட்டது. இவ்வியல்பு கலந்த ஹோல்ஸ்டீன் பசுக்கள் புளோரிடாவில் கோடையிலும் உடல் வெப்பம் குறைந்து நின்றன. பாலும் மற்றவற்றைப் போல் அதிகம் குறையவில்லை. மற்றொன்று, வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள். உடலின் பிற புரதங்கள் வெப்பத்தால் உருக்குலையாதபடி இவை காக்கின்றன. இவற்றை ஆக்கும் மரபணுக்களில் உள்ள எழுத்து வேறுபாடுகளை நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சாகிவால் மாடுகளிலும், பிரீஸ்வால் கலப்பினத்திலும் ஆராய்ந்துள்ளனர்.

எனினும் ஒரே குறியைக் கண்டு மயங்கலாகாது. வெயில் தாங்குவது பல மரபணுக்கள் கூடிச் செய்யும் வேலை. ஆகவே பல்லாயிரம் இடங்களை ஒருங்கே படிக்கும் மரபணுச் சில்லுகள் வந்துள்ளன. நம் நாட்டு மாட்டினங்களுக்கென ‘கௌ சிப்’ 2024 அக்டோபரில் வெளியிடப்பட்டது. ஆனால் சில்லு எழுத்தைப் படிக்குமேயன்றி, அதன் பொருளைத் தானே கூறாது. எந்த எழுத்துடைய பசு எந்த வெயிலில் எவ்வளவு கறந்தது என்ற கணக்கு வேண்டும். ஆஸ்திரேலியாவில் பண்ணையாளர்களின் பால் பதிவேடுகளை வானிலை நிலையங்களின் கணக்கோடு ஒப்பிட்டனர். அதன் பயனாக 2017 முதல் காளைகளுக்கு வெயில் தாங்கும் மதிப்பும் குறிக்கப்படுகிறது. வெயிலை நன்கு தாங்குவன சற்றுக் குறைவாகக் கறக்கும் போக்குடையன என்பதும் அங்கே தெரிந்தது. ஆதலின் இரண்டையும் சீர்தூக்கியே காளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கேதான் கூட்டுறவின் கடமை வருகிறது. இரண்டு பசு வைத்திருப்பவர் தனியே எழுதும் கணக்கால் ஒரு முடிவும் காண இயலாது. ஆயிரம் அங்கத்தினர் எழுதினால் இயலும். பசுவின் காதிலுள்ள 12 இலக்க வில்லையைக் கழற்றாதீர்கள். சினை ஊசி போடும்போது காளையின் எண்ணைக் கேட்டு, வில்லை எண்ணோடு சேர்த்து எழுதிவையுங்கள். ஒவ்வொரு பசுவும் கறந்த பாலைத் தனித்தனியே அளந்து குறியுங்கள். கோடையில் குறைந்ததை மறைக்காதீர்கள். அக்குறைவே மிகவும் வேண்டிய கணக்கு.

இன்று போடும் ஊசியில் பிறக்கும் கிடேரி கறவைக்கு வர மூன்றாண்டுகளுக்கு மேலாகும். அதுவரை நிழலும், குளிர்ந்த குடிநீரும், காலை மாலைத் தீவனமுமே நம் கையிலுள்ள மருந்து. ஆனால் அன்றைய தவணை தவறாதிருக்க வேண்டுமானால் இன்றே கணக்கு எழுதப்படவேண்டும். நம் முன்னோர் தகுதியை ஆராய்ந்த பின்னரே ஓலையைக் குடத்திலிட்டனர். காளையைப் பொறுத்தும் அங்கத்தினர்கள் அவ்வாறே செய்வார்களாக.