சுவரில்லாத ஹோலுக்கு எந்தத் தரை?

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் பலவற்றில் குசினி பிரதான வீட்டிலிருந்து விலகிப் பின்புறத்தில் இருந்தது. கிணற்றடியிலிருந்து ஈரக்காலோடு வருபவர் விறாந்தையைக் கடந்து, வாசற்படியைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். அதற்குள் கால் காய்ந்துவிடும். இன்று கட்டப்படும் வீடுகளில் வரவேற்பிடம், சாப்பாட்டு மேசை, குசினி மூன்றும் சுவரில்லாமல் ஒரே ஹோலாகிவிட்டன. காற்றும் வெளிச்சமும் தாராளமாக வருகின்றன. கூடவே, குசினியில் சிந்தும் தண்ணீரும் எண்ணெயும் தடையின்றி ஹோலுக்கு வருகின்றன.

இன்னொரு மாற்றமும் உண்டு. பல வீடுகளின் தரையைத் தெரிவு செய்பவர் ஒருவர், அதில் தினமும் நடப்பவர் இன்னொருவர். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை காணொளி அழைப்பில் பளபளக்கும் வெள்ளை டைல்ஸைப் பார்த்துச் சம்மதம் சொல்கிறார். அந்த வீட்டில் இருக்கப்போவது எழுபது வயதைக் கடந்த தாயும் தகப்பனும். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், அந்த வயதில் பழையபடி நடமாடுவது பலருக்கு முடிவதில்லை. ஆகவே தரையைத் தெரிவு செய்யும்போது முதற் கேள்வி அழகு அல்ல, வழுக்குமா என்பதுதான்.

சந்தையில் கிடைக்கும் தரையோடுகள் இரண்டு வகை. சாதாரண செராமிக் ஓடு நீரை ஓரளவு உறிஞ்சும். போர்சலின் ஓடு மிக அதிக வெப்பத்தில் சுடப்படுவதால் அதன் நீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்கு மேற்படாது. உறுதியும் அதிகம். ஆனால் வழுக்குவதும் வழுக்காததும் மேற்பரப்பைப் பொறுத்த விடயம். கண்ணாடிபோல் மினுக்கிய ஓட்டில் ஒரு துளி நீர் போதும். மினுக்கமற்ற 'மற்' வகை ஓடு ஹோலுக்கும் குசினிக்கும் பொருத்தமானது.

சில பெட்டிகளில் ஆர்9 முதல் ஆர்13 வரை ஒரு குறியீடு இருக்கும். எண் கூடக்கூட வழுக்கல் குறையும். ஆனால் அந்தப் பரிசோதனை பாதணி அணிந்த காலுக்கானது. ஈரத்தில் வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்ற வேறு தரப்படுத்தல் உண்டு. அதில் சி ஆகக்கூடிய பிடிமானம். நாம் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பவர்கள். குறியீடு இல்லையென்றால் கடையிலேயே ஓர் ஓட்டை நிலத்தில் வைத்து, தண்ணீர் தெளித்து, வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தாலும் பரவாயில்லை.

அடுத்தது நிறம். வலிகாமத்துச் செம்மண்ணில் நடந்து வரும் கால், வெள்ளைத் தரையில் ஒவ்வொரு அடியையும் பதித்துவிடும். மணல் நிறம், வெளிர் சாம்பல் போன்றவை தூசியை மறைக்கும். ஆனால் சுவரும் தரையும் ஒரே நிறமாக இருந்தால், கண்ணில் புரை உள்ளவருக்குத் தரை எங்கே முடிகிறது என்று தெரியாது. மினுக்கத் தரையில் யன்னல் வெளிச்சம் பட்டுத் தெறிப்பதும் அவர்களுக்குக் கூசும். கடை மின்விளக்கில் தெரியும் நிறம் வீட்டில் மாறும் என்பதால், இரண்டு மாதிரி ஓடுகளை வாங்கிவந்து பகலிலும் இரவிலும் பார்ப்பது நல்லது.

கணக்கு எளியது. 30 அடிக்கு 16 அடி ஹோல் என்றால் 480 சதுர அடி. இரண்டடிச் சதுர ஓடு 120 தேவை. வெட்டில் சேதமாவதற்கு 10 சதவீதம் சேர்த்தால் 132. பின்னர் உடைந்தால் மாற்றுவதற்கு ஒரு பெட்டியை ஒதுக்கி வையுங்கள். எல்லாப் பெட்டிகளிலும் தொகுதி இலக்கம் ஒன்றாக இருக்கவேண்டும். இல்லையேல் சுவரில்லாத ஹோலில் நிற வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

நல்ல ஓடும் தவறாகப் பதித்தால் வீண். ஓடுகளை இடைவெளியின்றி நெருக்கிப் பதிக்கச் சொல்பவர்கள் உண்டு. வெயிலில் விரியும்போது இடமில்லாமல் அவை கூரைபோல் மேலெழும்பி விடும். 2 அல்லது 3 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். போர்சலின் நீரை உறிஞ்சாததால் வெறும் சீமெந்துக் கரைசலில் நன்றாகப் பிடிக்காது. அதற்குரிய பசை தேவை. பதித்துக் காய்ந்தபின் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலித்தால் அடியில் வெற்றிடம் இருக்கிறது. மேசனுக்குக் கடைசிக் கொடுப்பனவைக் கொடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

செலவைக் குறைக்க விரும்புவோருக்குப் பழைய சிவப்புச் சீமெந்துத் தரை இன்றும் நல்ல தெரிவு. குளிர்ச்சியானது, இணைப்புகளில் அழுக்குச் சேராது. ஆனால் மணலும் தண்ணீரும் உப்பில்லாதவையாக இருக்கவேண்டும். கரையோரக் கிராமங்களில் இதைக் கவனிக்காவிட்டால் தரையில் வெள்ளை பூக்கும். போட்ட பின் குறைந்தது ஏழு நாட்களாவது நீர் விட்டு ஈரமாக வைத்திருக்காவிட்டால் வெடிப்பு வரும்.

அலங்காரம் கடைசியில்தான். குசினியையும் ஹோலையும் வேறுபடுத்த ஒரு படி தாழ்த்துவது இப்போது நாகரிகமாகியுள்ளது. தடுக்கி விழ அது ஒன்றே போதும். தரையை ஒரே மட்டத்தில் விட்டு, ஒரு தாழ்வான அலுமாரியாலோ இரண்டு பூச்சாடிகளாலோ எல்லையைக் காட்டலாம். கம்பளம் விரித்தால் அடியில் இறப்பர் பிடி இருக்கட்டும். பெரிய ஹோலில் குரல் எதிரொலிக்கும். தடித்த யன்னற் சீலை அதைக் குறைக்கும்.

வீடு குடிபுகும் நாளில் வருபவர்கள் தரையின் பளபளப்பைப் பாராட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மாரியில், மின்சாரம் நின்ற இரவில், தண்ணீர் குடிக்க எழும்பி நடப்பவர் அம்மா. ஓட்டைத் தெரிவு செய்யும் நாளில் அவரையும் கடைக்குக் கூட்டிச்செல்லுங்கள்.