வெள்ளம் வடிந்த பின் எடுக்கும் படம் எதற்கு?

ஊர் மூழ்கும் நாளில் கேமராக்கள் குவிகின்றன. தண்ணீர் வடிந்து சில ஆண்டுகள் கழித்து அதே தெருவைப் படமெடுக்க அநேகமாக யாரும் வருவதில்லை. ஆனால் அந்தத் தெரு மீண்டதா என்பது இரண்டாவது படத்தில்தான் தெரியும். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், கறுப்பினத்தவர் பெருமளவில் வாழ்ந்த லோயர் நைன்த் வார்டு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு.

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரினா புயல் கரையைக் கடந்தபோது வெள்ளத் தடுப்புச் சுவர்கள் பல இடங்களில் உடைந்து, நகரின் சுமார் 80 சதவீதம் மூழ்கியது. லோயர் நைன்த் வார்டை ஒட்டிய இண்டஸ்ட்ரியல் கால்வாயின் சுவர் உடைந்த இடத்தில் பாய்ந்த நீர் வீடுகளைப் பெயர்த்துத் தள்ளியது. அந்த உடைப்பின் வழியே பெரிய சரக்குப் படகு ஒன்று குடியிருப்புக்குள் வந்து நின்றது. ஒரு மாதம் முடிவதற்குள் ரீட்டா புயலால் அதே பகுதி மறுபடியும் மூழ்கியது.

சுவரில் என்ன இருந்தது?

மீட்புக் குழுவினர் தேடிய வீடுகளில் ஸ்பிரே பெயின்டால் பெருக்கல் குறி போட்டார்கள். அதன் நான்கு பக்கங்களிலும் குழுவின் பெயர், தேடிய தேதி, உள்ளே இருக்கும் ஆபத்து, கண்டெடுத்தவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்தார்கள். தண்ணீர் தேங்கிய உயரத்தைச் சுவரில் படிந்த பழுப்புக் கோடு காட்டியது.

அந்தக் கோட்டுக்குப் பண மதிப்பும் உண்டு. அங்கே சாதாரண வீட்டுக் காப்பீடு காற்றால் வந்த சேதத்தை ஏற்கும். வெள்ளச் சேதத்தை ஏற்காது. வெள்ளத்துக்குத் தனிக் காப்பீடு வேண்டும். சேதத்துக்குக் காற்று காரணமா, நீர் காரணமா என்று வழக்குகள் நடந்தன. சுவரைக் கழுவுவதற்கு முன் எடுத்த ஒரு படம் அத்தகைய வழக்கில் சாட்சியாக நிற்கக்கூடியது.

யார் பதிவு செய்தார்கள்?

புகைப்படக் கலைஞர் ராபர்ட் பொலிடோரி சிதைந்த வீடுகளின் உட்புறங்களைப் பெரிய படங்களாக எடுத்தார். மற்றொரு புகைப்படக் கலைஞர் ரிச்சர்டு மிஸ்ராக், மக்கள் சுவர்களில் எழுதிவைத்த வாசகங்களை மட்டும் தொகுத்து 2010இல் நூலாக்கினார். நைன்த் வார்டில் வசித்த கிம்பர்லி ரிவர்ஸ் ராபர்ட்ஸ், தெருவில் மலிவாக வாங்கிய சிறு வீடியோ கேமராவில் வெள்ளம் ஏறுவதைப் படமாக்கினார். அந்தக் காட்சிகளை மையமாக வைத்து உருவான ‘ட்ரபிள் தி வாட்டர்’ ஆவணப்படம் 2008இல் வெளிவந்து, ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது.

சேதம் ஏன் நீடித்தது?

வீட்டைத் திரும்பக் கட்ட ‘ரோடு ஹோம்’ என்ற திட்டத்தில் அரசு உதவித்தொகை கொடுத்தது. புயலுக்கு முன் வீட்டின் சந்தை மதிப்பு, பழுதுபார்க்கும் செலவு ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே கணக்கில் எடுக்கப்பட்டது. கறுப்பினத்தவர் பகுதிகளில் சந்தை மதிப்பு குறைவு. ஆனால் செங்கல், மரம் ஆகியவற்றின் விலையும் கூலியும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். தொகை போதாமல் பலரால் கட்ட முடியவில்லை. இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு 2011இல் சமரசத்தில் முடிந்தது.

பழுதுபார்க்காத வீடுகள் பல இடிக்கப்பட்டன. வாசற்படி மட்டும் மிஞ்சிய மனைகளில் புல் வளர்ந்தது. புதிதாக வருபவர் கண்ணுக்கு அது வெறும் புல்வெளி. அங்கே வீடு இருந்தது என்று சொல்ல, தேதியும் முகவரியும் உள்ள பழைய படம் வேண்டும்.

2007இல் கூகுள் தன் வரைபடத்தில், புயலுக்குப் பிந்தைய நியூ ஆர்லியன்ஸ் படங்களை நீக்கிவிட்டுப் பழைய, சேதமில்லாத படங்களைக் காட்டியது. அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று கேள்வி எழுப்ப, புயலுக்குப் பிந்தைய படங்கள் மீண்டும் வந்தன. ஒரு வட்டாரத்தின் பதிவை வெளியார் கையில் மட்டும் விட்டுவைக்கக் கூடாது என்பதற்கு இது போதும்.

எப்படி எடுப்பது?

ஒரே இடத்தில் நின்று, ஒரே உயரத்தில், ஒரே திசையில், குறிப்பிட்ட இடைவெளியில் எடுக்க வேண்டும். முதலில் கதவு எண்ணும் தெருவும் தெரியும்படி தூரத்துப் படம், பிறகு நெருங்கிய படம். நீர்க்கோட்டின் அருகில் அளவுநாடாவைப் பிடித்துக்கொள்ளலாம். வீடியோவில் தேதியையும் முகவரியையும் வாயால் சொல்லிவிட்டு, வெட்டாமல் வாசலிலிருந்து பின்கட்டு வரை நடக்க வேண்டும். திருத்தாத மூலக் கோப்பைத் தனியே வைத்து, ஒரு பிரதியை வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும்.

காலி மனையின் படம் காரணத்தைச் சொல்லாது. பத்திரச் சிக்கலா, பணமின்மையா, உரிமையாளரின் மறைவா என்று அக்கம்பக்கத்தில் கேட்டு, உதவித்தொகைக் கணக்கோடு சேர்த்து எழுதிவைத்தால்தான் அந்தப் படம் அதிகாரியின் மேசையில் பதில் கேட்கும்.